மாண்டலின் குடும்பம்

மே 18, ஞாயிறு

முதலாளி வருஷா வருஷம் கொடுக்கும் கம்பெனி டைரியில் இதுவரை அளவுகள்தான் எழுதியிருக்கிறேன். கழுத்து நீளம், பலகையின் கனம், கம்பியின் பருமன். இன்று வேறு எழுதுகிறேன். மகள் ரோஷினிதான் சொன்னாள், ஏதாவது எழுதும்மா, சும்மா செவுத்தப் பாத்துட்டு உக்காராதே என்று. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறேனா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் தொழிற்சாலை காளப்பட்டியில் இருக்கிறது. முதலாளி தேவசிகாமணியின் அப்பா காலத்தில் கிரைண்டர் செய்தார்கள். இப்போது கிடார் செய்கிறோம். பதினான்கு வருஷமாக எனக்குக் கடைசி மேஜை. செய்து முடித்த கருவி என்னிடம் வரும். நான் கம்பி மாட்டி, உயரம் பார்த்து, கழுத்தில் பதித்த ஒவ்வொரு கட்டையும் தேய்த்துச் சரிசெய்து, வாசிக்கிறபடி ஆக்கி அனுப்புவேன்.

இந்த வருஷம் புதிதாக நான்கு கருவிகள். மாண்டலின். அதைவிடப் பெரிய மாண்டோலா. அதற்கும் பெரிய ஆக்டேவ் மாண்டலின். கடைசியாக, கிடார் அளவுக்கு இருக்கும் மாண்டோசெல்லோ. நான்கிலும் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டு சேர்த்து. மாத முடிவில் மும்பை இசைக்கருவிக் கண்காட்சியில் வைக்கிறோம். நான்கையும் வரைந்தது, கம்பெனியில் என்னோடு இருந்த என் கணவர் சந்திரமோகன். எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்து மூன்று வருஷம் இரண்டு பேருமாகச் செய்தோம்.

அவர் பிப்ரவரியில் புனேவில் ஒரு கம்பெனிக்குப் போயிருக்கிறார். வேலை விஷயம். மூன்று மாதம் என்று சொன்னார்.

ரோஷினிக்குப் பதினொன்றாம் வகுப்புச் சீருடைக்கு அளவு கொடுத்தோம். போன வருஷத்தைவிட இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாள். தையற்காரர் சொல்லித்தான் பார்த்தேன்.

மே 21, புதன்

மாண்டோசெல்லோ பதினைந்து நாளாக முழு சுருதியில் நிற்கிறது. மேல்பலகை இம்மிகூட இறங்கவில்லை.

இதற்கு முன் செய்த இரண்டும் இறங்கின. எட்டுக் கனத்த கம்பிகள் சேர்ந்து இழுக்கும்போது, அவற்றைத் தூக்கி நிறுத்தும் பிரிட்ஜ் பலகையை அழுத்துகிறது. பலகைக்கு அடியில் குறுக்காக ஒட்டியிருக்கும் இரண்டு தாங்குகட்டைகள்தான் அதைத் தாங்க வேண்டும். மோகன் வரைந்த படத்தில் அவை ஒன்றையொன்று வெட்டும் இடம் பிரிட்ஜுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. மார்ச்சில் நான் அதை மேலே நகர்த்தி, பிரிட்ஜின் கால்களுக்கு நேர் கீழே வைத்து ஒட்டினேன். படத்தைத் திருத்தவில்லை. படம் அவரிடம் இருக்கிறது.

கம்பி முனை விரலில் ஏறியிருக்கிறது. பலகையில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பலகையைத் துடைத்துவிட்டேன். பாலிஷ் கெடவில்லை.

மே 22, வியாழன்

உப்பு வாங்க மறந்தேன். நேற்றும் மறந்தேன்.

மே 26, திங்கள்

நான்கு கருவிகளையும் பெட்டியில் வைத்தாயிற்று. ரோஷினியை சிங்காநல்லூரில் சரோஜா அக்கா வீட்டில் விட்டேன். அக்கா, மாப்பிள்ளை எப்ப வர்றாரு என்று கேட்டாள். வேலை இழுத்துக்கொண்டே போகிறது என்றேன். அதற்குள் ரோஷினி, பெரியம்மா முறுக்கு எங்கே என்று கேட்டுச் சமையலறைக்குள் போனாள். அக்காவும் பின்னாலேயே போனாள்.

கிளம்பும் நேரத்தில் கூரியர்காரர் வந்தார். புனேவிலிருந்து ஒரு பழுப்பு உறை. அனுப்பியவர் இடத்தில் ஒரு வக்கீல் பெயர். ரயிலில் படித்துக்கொள்ளலாம் என்று புடவைகளுக்கு நடுவே வைத்தேன்.

மே 27, செவ்வாய்

மும்பைக்குப் போகும் குர்லா வண்டி. முதலாளி விமானத்தில் வருகிறார். என்னோடு பெனடிக்ட் வருகிறான். தூத்துக்குடிக்காரன், முப்பத்தைந்து வயது. கோயில் பாடகர் குழுவிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் கிடார் வாசிப்பவன். இந்த நான்கு கருவிகளுக்காக நான்கு மாதமாக விரலைப் பழக்கியிருக்கிறான். கண்காட்சியில் வாசித்துக் காட்டப்போவது அவன்தான்.

மாண்டோசெல்லோவுக்கு ஒரு படுக்கையைக் கொடுத்துவிட்டு அவன் பாதி தூரம் உட்கார்ந்தே வந்தான். மேலே வைக்கலாம் என்று சொன்னேன். விழுந்துரும்க்கா என்றான். குண்டக்கலுக்குப் பிறகு நல்ல வெயில். உறையைப் படிக்கவில்லை. ஜன்னல் பக்கத்து இடம், வெளிச்சமும் இருந்தது. படிக்கவில்லை.

மே 28, புதன்

மும்பையில் மழை பிடித்துவிட்டது. கோரேகாவ் பகுதியில் கண்காட்சிக் கூடம் விமான நிலையம் மாதிரி இருக்கிறது. எங்கள் அரங்குக்கு மூன்றாம் வரிசையில் மூலை இடம். தச்சர்கள் இன்னும் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரக்காற்று உள்ளே வருகிறது, அதன் மேல் குளிர்சாதனத்தின் வறண்ட காற்று. மரத்துக்கு இதைவிடக் கெட்டது எதுவும் இல்லை. நான்கையும் பெட்டியிலேயே வைத்திருந்து சாயங்காலம் சுருதி பார்த்தேன். மாண்டோலா மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது.

எதிர் வரிசையில் ஒரு புனே கம்பெனியின் பெயர்ப்பலகையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெனடிக்ட் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் கம்பிச் சுருள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மே 29, வியாழன்

அவர் வந்திருக்கிறார்.

பத்து மணிக்குக் கூட்டத்தை உள்ளே விட்டார்கள். எதிர் அரங்கில் துணியை விலக்கினார்கள். சுவரில் நான்கு கருவிகள், சிறியதிலிருந்து பெரியதாக. தோள் வளைவு, தலைப்பகுதியில் அந்தச் சிறிய திருப்பம், எல்லாம் அப்படியே எங்களுடையவை. நிறம் மட்டும் வேறு. எங்களுடையது பழுப்பு, அவர்களுடையது கறுஞ்சிவப்பு. பக்கத்தில் மோகன் நின்றார். கோட்டுப் போட்டிருந்தார். கோட்டு அவருக்கு நன்றாக இருந்தது.

முதலாளி என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"அம்மிணி, அது நம்ம சாமான்தானே?"

"ஆமாங்க."

"உனக்கு முன்னமே தெரியுமா?"

தெரியாது என்றேன். அது உண்மை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நம்பினார். மோகன் புனேக்குப் போனது தனக்கு நியாயமாகவே பட்டது என்றும், நல்ல இடம் கிடைத்தால் யாரும் போவார்கள் என்றும், ஆனால் படத்தை எடுத்துக்கொண்டு போவது வேறு விஷயம் என்றும் சொன்னார். கண்காட்சி நடத்துகிறவர்களிடம் புகார் எழுதித் தருவதாகவும், இந்த நான்கும் காளப்பட்டியில் உருவானவை என்று நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவில் வருகிறேனே என்று அவரே சங்கடப்பட்டார்.

மதியம் டீ வாங்குகிற இடத்தில் மோகன் எதிரே வந்தார்.

"மணி, எப்ப வந்தே?"

"நேத்து."

"டிக்கெட் கன்ஃபார்ம் ஆச்சா?"

"ஆச்சுங்க."

அவர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். எனக்குப் பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். டீ எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் அரங்குக்கு இன்று இருநூறு பேராவது வந்திருப்பார்கள். மாண்டலினைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், மாண்டோசெல்லோவைப் பார்த்து இது என்ன கிடாரா என்று கேட்கிறார்கள். பெனடிக்ட் ஒவ்வொருவருக்கும் நான்கையும் வாசித்துக் காட்டினான். நான் இருபத்தொரு முறை சுருதி சேர்த்தேன்.

மே 30, வெள்ளி

காலையில் விடுதி அறையில் உறையைப் பிரித்தேன். மனமொத்த விவாகரத்துக்கான மனு. இரண்டு பிரதிகள். அவர் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. தேதி ஏப்ரல் 9. என் கையெழுத்துக்கான இடங்களில் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். திருத்தமாக வேலை செய்யும் வக்கீல்.

பிறகு குளித்து, துணி துவைத்துக் காயப்போட்டேன். இந்த ஊரில் ஒன்றும் காயாது.

பதினொரு மணிக்கு எதிர் அரங்கில் அவர்களுடைய மாண்டோசெல்லோவை யாரோ வாசித்தார்கள். கீழ்க் கம்பியில் ஒரு கரகரப்பு. கூடத்தில் ஆயிரம் சத்தம். டிரம்ஸ், கீபோர்டு, ஒலிபெருக்கிச் சோதனை. அதற்கு நடுவிலும் எனக்கு அது கேட்டது. கம்பி கழுத்துக் கட்டையில் உரசும் சத்தம். நேற்று அது இல்லை. ஒரு மணிக்கு மறுபடி கேட்டேன், இரண்டு கம்பிகளில். நாலு மணிக்கு மூன்றில்.

பலகை இறங்குகிறது. அவரிடம் இருப்பது பழைய படம்.

பெனடிக்ட்டுக்கும் கேட்டுவிட்டது. முதலாளியிடம் சொன்னான். அவர் முகத்தில் இரண்டு நாளில் முதல் முறையாக ஒரு தெளிவு வந்தது. புகாரே வேண்டாம் போலிருக்கிறதே, நாளைக்கு மேடையில் வைத்து அதுவே உட்கார்ந்துவிடும் என்றார். நாளை பன்னிரண்டு மணிக்குப் புதிய கருவிகளுக்கு என்று தனி மேடை நிகழ்ச்சி. முதலில் புனேக்காரர்கள், அடுத்து நாங்கள். ஹெல்கா என்ற ஒரு ஜெர்மன் அம்மாள் அதற்காகவே வருகிறார். ஐரோப்பாவில் பன்னிரண்டு கடைகளுக்குக் கருவி எடுப்பவர். இரண்டு கம்பெனிகளில் ஒன்றைத்தான் எடுப்பார் என்று முதலாளி சொன்னார்.

ரோஷினி ஃபோன் செய்தாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். அங்க யாரையாச்சும் பாத்தியாம்மா என்றாள். யாரை என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். நிறையப் பேர் வந்திருக்கிறார்கள் என்றேன். மழையா என்று கேட்டாள். மழைதான் என்றேன்.

மே 31, சனி

நீளமாக எழுத வேண்டும். நடந்தது நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு, கூட்டத்தை விடுவதற்கு முன்பு, எதிர் அரங்குக்குப் போனேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. கையில் இரும்பு அளவுகோலும், மெல்லிய கம்பி ஒரு கட்டும் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டது நினைவில்லை.

மோகன் தனியாக இருந்தார். மாண்டோசெல்லோவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது உக்காருதுங்க," என்றேன்.

"எது?"

"மேல்பலகை. பிரிட்ஜுக்குக் கீழ."

அவர் சிரித்தார். "தேவசிகாமணி அனுப்பிச்சாரா?"

நான் அளவுகோலைப் பலகையின் குறுக்கே வைத்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"ரெண்டு மில்லி இருக்குமா?"

"ரெண்டரை."

அவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். புனே முதலாளி பத்து மணிக்கு வந்துவிடுவார் என்றார். மேடையில் அது நிற்காவிட்டால் தன் வேலை போய்விடும் என்றார். பிறகு, எங்கள் சாப்பாட்டு மேஜையில் கேட்பாரே, அதே குரலில் கேட்டார்.

"நீ சரி பண்ணிக் குடேன் மணி."

நான் செய்தேன். உட்கார்ந்து எட்டுக் கம்பிகளையும் தளர்த்தினேன். கனத்த கம்பிகளை எடுத்துவிட்டு மெல்லியவற்றை மாட்டினேன். பிரிட்ஜின் இரண்டு திருகுகளையும் ஏற்றி உயரத்தைச் சமன் செய்தேன். இருபத்தைந்து நிமிஷம். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கம்பியாக எடுத்துக் கொடுத்தார். முன்பும் அப்படித்தான் கொடுப்பார். இது இன்றைக்கு மட்டும் தாங்கும், ஊருக்குப் போனதும் உடம்பைத் திறந்து தாங்குகட்டையை நகர்த்தி ஒட்ட வேண்டும், அதுவரை இந்த மாதிரியை யாருக்கும் விற்கக்கூடாது என்று சொன்னேன்.

எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும் என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. ஏன் என்றும் தெரியவில்லை. அந்தக் கட்டையைப் பற்றி நான் எழுதி வைத்த பக்கங்களைத்தான் அவர் படத்தில் கோடாக வரைந்திருக்கிறார். கோடு அவருடையது, அழகான கோடு. ஆனால் அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் ஒருநாளும் சொன்னதில்லை. சாப்பாடு எடுத்து வைப்பது மாதிரி செய்து கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"ஒரு விரல்," என்றேன். சொல்லாமல் வந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்தபோது முதலாளி எங்கள் அரங்கில் நின்றார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"அவனுக்கு எதுக்கு அம்மிணி பண்ணிக் குடுத்தே?"

"கம்பி உரசிச்சுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு மேடை. புனேக்காரர்களின் நான்கையும் ஒரு வங்காளி இளைஞர் வாசித்தார். மாண்டோசெல்லோ தாங்கியது. கரகரப்பு இல்லை. மெல்லிய கம்பி என்பதால் அடிக்குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது, வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மோகன் ஒலிவாங்கியைப் பிடித்து ஆங்கிலத்தில் பேசினார். நன்றாகப் பேசுவார். இந்தக் குடும்பத்தின் ரகசியம் உள்ளே இருக்கும் தாங்குகட்டையில் இருக்கிறது என்றும், அதற்கு மட்டும் தனக்கு இரண்டு வருஷம் பிடித்தது என்றும் சொன்னார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் தட்டினார்கள், அதனால் தட்டினேன்.

அடுத்து பெனடிக்ட். நான்கையும் வரிசையாக வாசித்தான். மாண்டலினில் ஒரு கோயில் கீதம், அதையே மாண்டோலாவில், பிறகு ஆக்டேவில். கடைசியில் மாண்டோசெல்லோவில் அடிக் கம்பிகளை மட்டும் எடுத்து மெதுவாக வாசித்தான். உட்கார்ந்திருந்த நாற்காலியின் இரும்பில் அது வந்து அதிர்ந்தது. கூட்டத்தில் பேச்சு நின்றது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவது ஜோடியில் ஒரு கம்பி இம்மி இறங்கியிருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஹெல்கா அம்மாள் எங்கள் அரங்குக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். குட்டை முடி, செருப்பு மாதிரி ஒரு ஷூ. கைப்பையிலிருந்து பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சிறிய கண்ணாடியும் விளக்கும் எடுத்து, மாண்டோசெல்லோவின் துளை வழியாக உள்ளே விட்டுப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு எதிர் அரங்குக்குப் போய் அவர்களுடையதையும் அப்படியே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வெளியே இரண்டும் ஒன்றாக இருக்கின்றன, உள்ளே ஒன்றாக இல்லை, தாங்குகட்டையை நகர்த்தியது யார் என்று முதலாளியிடம் கேட்டார்.

முதலாளி வாயைத் திறந்தார். பதினான்கு வருஷப் பழக்கத்தில் அவர் நாக்கில் முதலில் வருவது எங்க மோகன் என்பதுதான். அந்தப் பெயர் வாய் வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். சொல்ல முடியாமல் நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். என்னை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. ஹெல்கா அம்மாளும் திரும்பினார். நான் மேஜையில் ஒரு கம்பியை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஐ டிட்," என்றேன்.

ஏன் நகர்த்தினாய் என்று கேட்டார். என் ஆங்கிலம் கடையில் சாமான் கேட்கும் அளவுக்குத்தான். விளம்பரத் தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தேன். பலகை, பிரிட்ஜ், கம்பி இழுக்கும் திசை, முதலில் உட்கார்ந்த இடம், இரண்டாம் முறை உட்கார்ந்த இடம், நகர்த்திய இடம். தெரியாத வார்த்தைக்கு பெனடிக்ட் எடுத்துக் கொடுத்தான். அவர் கேட்கக் கேட்க மற்றவையும் வந்தன. மாண்டோலாவின் கழுத்து நீளத்தை முடிவு செய்தது யார். நான். ஆக்டேவுக்கு இந்தப் பருமன் கம்பி யார் சொன்னது. நான். பலகையை ஓரத்தில் மெலிவாக்கியது. நான்தான். இந்த உருவம் என்று கேட்டார். அது என் கணவர், எதிரே நிற்கிறாரே அவர், நான்கின் வளைவும் அவர் வரைந்தது, எனக்கு அப்படி வரைய வராது என்றேன். பொய் சொல்லவில்லை. எதிலும் சொல்லவில்லை.

ஒவ்வொரு முறையும் நான் என்று சொல்லும்போது, வேறு யாரோ பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்பது போலத்தான் இருந்தது. ஆனால் கேட்டது.

அவர் என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நான்கையும் எடுத்துக்கொள்வதாக முதலாளியிடம் சொன்னார். உள்ளே ஒட்டும் சீட்டில் வடிவமைத்தவர்களின் பெயர் வேண்டும், வரைந்தவர் பெயர் ஒன்று, கட்டியவர் பெயர் ஒன்று, இரண்டும் வேண்டும் என்றும் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார். போடலாமுங்க, ரெண்டையும் போடுங்க என்றேன். புகார்க் கடிதம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பிறகு அதை எடுத்து நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

நாலு மணிக்கு மோகன் வந்தார். ஹெல்கா அம்மாள் எங்களை எடுத்துக்கொண்டது அவருக்குத் தெரிந்திருந்தது. கோபம் இல்லை. களைப்பாக இருந்தார். காலையில் செய்ததற்கு நன்றி சொன்னார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, அந்தப் பேப்பர் வந்துச்சா என்று கேட்டார்.

கைப்பையில்தான் இருந்தது. கொடுத்தேன். மதியம் சாப்பாட்டு இடைவேளையில் கையெழுத்துப் போட்டிருந்தேன், பெருக்கல் குறி இருந்த இடங்களில் எல்லாம். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டார்.

"வேற யாரும் இல்ல மணி. நீ அப்பிடி நெனைக்கக் கூடாது."

"நான் ஒண்ணும் நெனைக்கலீங்க."

"அந்த வீட்டுல எனக்கு ஒண்ணுமே வேலை இல்லாத மாதிரி ஆயிருச்சு. எல்லாத்தையும் நீயே முடிச்சு வெச்சிருப்பே. நான் பேசறதுக்கு மட்டும்தான்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நேரம் சொல்வது போலச் சொன்னார். கட்டையை மறக்காம நகர்த்திருங்க என்றேன். சரி என்றார்.

ரோஷினியிடம் யார் சொல்வது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவரை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

ரயில். பெனடிக்ட் தூங்குகிறான். கருவிகள் இல்லாமல் படுக்கை எல்லாம் காலியாக இருக்கிறது. நான்கும் மும்பையிலிருந்தே ஹாம்பர்க் போகின்றன.

ஊர் வருவதற்குள் ரோஷினியிடம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்த வேண்டும். இந்தப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நான்கு முறை எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். முதல் வாக்கியமே வரவில்லை. அப்பா என்று தொடங்கினால் ஒரு மாதிரி இருக்கிறது. நானும் அப்பாவும் என்று தொடங்கினால் இன்னும் மோசமாக இருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

சாயங்காலம் ஐந்து மணிக்கு கோயம்புத்தூர். பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். ரோஷினி அங்கிருந்து நேராகப் புதுச் சீருடையிலேயே ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். தூரத்தில் பார்த்தபோது யாரோ என்று நினைத்தேன். பெனடிக்ட் விடைபெற்றுக்கொண்டு போனான். போகும்போது அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனான்.

நாங்கள் இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கூட்டம் கலையட்டும் என்று சொன்னேன். அவள் மாண்டோசெல்லோ எங்கே என்று கேட்டாள். ஜெர்மனிக்குப் போகிறது என்றேன். உன் பேரா போட்டிருக்கு என்றாள். போடுவாங்க என்றேன். அவள் சிரித்தாள். அப்போது சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். அப்பாவ அங்க பாத்தேன் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ரயிலில் அடித்த நான்கு வாக்கியங்களும் ஞாபகம் வந்தன, ஐந்தாவது வரவில்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்மா. ஏப்ரல்லயே அப்பா சொல்லிட்டாரு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஏன்டி சொல்லல?"

"நீ யாருகிட்டயுமே சொல்லல. பெரியம்மாகிட்ட கூட. நீ எங்கிட்ட சொல்றப்போ, அப்பத்தான் தெரியற மாதிரி இருக்கணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு பழகி வெச்சிருந்தேன். இப்ப வரமாட்டேங்குது."

அப்போது எனக்கு அழுகை வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மூச்சு விட முடியாதபடி வந்தது. போகிறவர்கள் பார்த்தார்கள். ஒரு போர்ட்டர் நின்று, பொட்டி ஏதும் காணாமப் போயிருச்சாங்கம்மா என்று கேட்டார். ரோஷினி அவரிடம் இல்லீங்கண்ணா என்றாள். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். புதுத் துணியின் கஞ்சி என் கன்னத்தில் உரசியது. தோள் உயரமாக இருந்தது. இரண்டு அங்குலம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சென்னை வண்டி ஒன்று வந்து நின்று போய்விட்டது. நான் நிமிர்ந்தபோது அவள் கண் காய்ந்தே இருந்தது. நீயும் அழுதுரு சாமி, உள்ள வெச்சுக்காதே என்றேன்.

"நான் ஏப்ரல்லயே அழுது முடிச்சிட்டேம்மா," என்றாள்.

ஏப்ரலில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில்தான் படுத்தோம்.